வராத செவ்வாய்

இந்த ஊருக்கு இரண்டு பெயர்.
ஜெர்மன்காரருக்குப் பீல், பிரெஞ்சுக்காரருக்குப் பியேன்.
தெருப்பலகைகள் எதையும்
இரண்டு தரம் சொல்கின்றன.
என் அறைக்கு வருகிறவர்களோ
ஒன்றை ஒரு தரம் சொல்லவே
ஏழெட்டு மாதம் எடுக்கிறார்கள்.

கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
இரண்டு நாற்காலி, ஒரு பழைய ஹீட்டர்,
வருகிறவரின் தலைக்குப் பின்னால் மணிக்கூடு:
நேரத்தை நான் மட்டும் பார்க்கலாம்.
மணிக்கூடு செய்து பிழைக்கும் ஊரில்
இது ஒரு சின்னத் திருட்டு.

இலகுநாதன் என்று வைத்துக்கொள்வோம்.
உண்மைப் பெயர் வேறு.
பாரமில்லாத பெயராக இருக்கட்டுமென்று
நானே தேடி வைத்தேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
ஆரெவரோ படுத்தெழும்பிய விரிப்புகளை
விடியும்வரை மடித்து அடுக்குகிறவர்;
தனக்கு நித்திரை இல்லை.

காப்புறுதிப் படிவம் கேட்கிறது:
கடந்த இரு வாரங்களில்
எத்தனை நாள் மனச்சோர்வு?
அவர் ஹீட்டரைப் பார்த்தபடி சொல்கிறார்:
"சோர்வெண்டில்லை, டொக்டர்.
நெஞ்சுக்குள்ள ஆரோ வந்து
சப்பாத்தும் கழட்டாமல் இருக்கினம்."
அதற்குப் பெட்டி இல்லை.
'கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்' என்பதில்
புள்ளடி போட்டேன்.

நான் டொக்டர் இல்லையென்று
பத்துத் தரம் சொல்லியாயிற்று.
மருந்து எழுதுகிறவர் வேறு, நான் கேட்கிறவள்.
"கேக்கிறதுக்கும் காசோ?" என்றார் முதல் நாள்.
நியாயம்தான்.
எங்கள் மொழியில் கேட்பது என்றால்
வினாவும் அதுவே, செவியும் அதுவே.
முன்னதைக் குறைத்தால் பின்னது கூடும்.
இவ்வளவைப் பழக எனக்குப் பதினொரு வருடம்.

அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.
ஒரு சைக்கிள்.
அவ்வளவுதான்.

அந்தச் சைக்கிள் என் வீடுவரை வந்தது.
குசினியில் சாய்ந்து நின்றது.
வியாழன் தோறும் ரயிலேறி
பேர்னில் ஃபிராவ் நெகெலியிடம் போகிறேன்;
கேட்கிறவளுக்கும் கேட்க ஆள் வேண்டும்.
அங்கே மணிக்கூடு
என் தலைக்குப் பின்னால் இருக்கிறது.

தேறுவது எந்த நாளில் தொடங்கியதென்று
எவரும் குறித்துவைப்பதில்லை.
பெப்ரவரியில் ஒருமுறை
முருங்கைக்காய் விலைக்கு அவருக்குக் கோபம் வந்தது.
தமிழ்க்கடைக்காரரை, அவர் தராசை,
விமானக் கம்பனியை, சுங்கத்தை,
பத்து நிமிடம் விடாமல் திட்டினார்.
நான் தொழில் மாறாமல் தலையாட்டினேன்.
உள்ளே எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.
மார்ச்சில் திரும்பவும் விழுந்தார்.
ஏப்ரல் முழுக்க ஹீட்டரோடுதான் பேசினார்.

ஜூனில் ஒரு செவ்வாய், நாலு மணி.
வரவில்லை.
நாலு பத்து.
எங்கள் தொழிலில்
வெறும் நாற்காலி மிகச் சத்தமானது.
ஷூஸ் கால்வாய்ப் பாலம், தண்டவாளம்,
மருந்துப் போத்தலின் எண்ணிக்கை,
போன கிழமை அவர் 'போட்டு வாறன்' என்றாரா,
'போறன்' என்றாரா.

மூன்றாம் அழைப்பில் எடுத்தார்.
பின்னால் பிள்ளைகளின் கூச்சல், தண்ணீர், விசில்.
"ஐயோ டொக்டர், மறந்தே போனன்!
வேலையால வந்து ஆறு மணித்தியாலம் படுத்திட்டன்.
எழும்பினாப்போல
பெறாமகன் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டான்.
இவனுக்கு நீந்தத் தெரியாது, என்ன பிள்ளையோ..."
சொல்லும்போதே தொலைபேசி நனைந்து கொரகொரத்தது.

மிச்சம் இருபது நிமிடம் அவருக்குரியது.
வேறொருவருக்குக் கொடுக்க முடியாது.
அவர் நாற்காலியில் போய் இருந்தேன்.
இரண்டு வருடமாக அவர் பார்த்த ஹீட்டர்:
மூன்றாவது குழாயில் பெயின்ட் உரிந்திருக்கிறது,
உரிந்த இடத்தை ஆரோ நகத்தால்
இன்னும் கொஞ்சம் உரித்திருக்கிறார்கள்.
அங்கிருந்தால் நேரம் தெரியவில்லை.

வராத சந்திப்புக்கும் கட்டணம் உண்டு;
கதவில் இரண்டு மொழியிலும் ஒட்டியிருக்கிறது.
விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.
பிறகு முழுத்தொகையையும் எழுதி
முத்திரை ஒட்டி அனுப்பினேன்.

வரட்டும் மனுசன் அடுத்த செவ்வாய்.
வந்து விலைக்குச் சண்டை பிடிக்கட்டும்.